எத்தனை யூனிட் இரத்தம் வேண்டும்?
இரத்தக் குழாய் அறுவைச் சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை

(செவ்வாப்பேட்டையில் நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். ஆபரேஷனுக்கு எத்தனை யூனிட் இரத்தம் வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? அதில் குடும்பத்தாருக்கும் ஜமாஅத்துக்கும் என்ன வேலை இருக்கிறது?

நமக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பாய், அத்தாவுக்கு நாளைக் காலையில கால் ஆபரேஷன். நாலு பாட்டில் ரத்தம் கேட்கிறாங்க." உடனே வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறக்கும். நாலு பேர் தேவைப்படும் இடத்தில் பத்துப் பேர் போய் நிற்பார்கள். ஆபரேஷன் முடிந்து பார்த்தால் ஒரு யூனிட்கூட ஏற்றியிருக்க மாட்டார்கள். "வீணாக அலையவிட்டார்கள்" என்று மருத்துவமனை மேல் வருத்தம் வரும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "சின்ன ஆபரேஷன்தானே" என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் இரத்தம் இல்லாமல் தேதி தள்ளிப்போகும். இரத்த ஓட்டம் அடைபட்ட காலுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. தேதி தள்ளிப்போனால் சில நேரம் காலே போய்விடும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த "நாலு" எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை. அது ஒரு மதிப்பீடு. அது எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால், அந்த எண்ணைக் குறைப்பதிலும் நமக்குப் பங்கு இருப்பது புரியும்.

நம் பகுதியில் இது யாருடைய பிரச்சினை?

இரத்தக் குழாய் அறுவைச் சிகிச்சை என்றால் ஏதோ அபூர்வமான வியாதி என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோயோடு பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் காலுக்குப் போகும் குழாய்கள் அடைபடுகின்றன. நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் சரியாகும். பிறகு விரல் கறுக்கும். புகையிலையால் வரும் பர்கர் நோயில், நாற்பது வயது ஆவதற்கு முன்பே விரல்களை இழக்கும் ஆண்கள் உண்டு. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு நரம்புச் சுருட்டல் வருகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கையில் பிஸ்டுலா போடுவதும் இரத்தக் குழாய் அறுவைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இயந்திரத்தோடு வேலை செய்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கை நசுங்கினாலும், சாலை விபத்தில் முழங்கால் பிசகினாலும் பெரிய குழாய் அறுந்துபோகலாம்.

இந்த நோயாளிகள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கிருந்து மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பப்படுபவர்களும் உண்டு. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இதற்கென்று தனித்துறைகள் இருக்கின்றன.

ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு கணக்கு

எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே அளவு இரத்தம் தேவைப்படாது. நரம்புச் சுருட்டலுக்கும் பிஸ்டுலாவுக்கும் பெரும்பாலும் இரத்தம் ஏற்றவே தேவையிருக்காது. குரூப் பார்த்து, இரத்தத்தில் வேண்டாத ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதித்து வைத்தாலே போதும். காலில் பைபாஸ் செய்தால் அநேகமாக அதே சோதனையோடு நிற்கும், அல்லது ஓரிரு யூனிட் தயாராக வைப்பார்கள். வயிற்றின் பெருந்தமனி வீங்கி, அதை வயிற்றைத் திறந்து சரிசெய்வதென்றால் நாலு யூனிட்டோ அதற்கு மேலோ தயாராக இருக்க வேண்டும். அதே வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால் தேவை வெகுவாகக் குறைகிறது. அந்த வீக்கம் வெடித்துவிட்டால் கணக்கே வேறு. சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் அடுத்தடுத்து ஓட வேண்டியிருக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? 1970-களுக்கு முன் பல நாடுகளில் மருத்துவர்கள் ஒரு பாதுகாப்புக்காக நிறையக் கேட்டு வைப்பார்கள். கேட்ட பைகள் ஒரு நோயாளியின் பெயரில் பொருத்தம் பார்த்து, அதாவது கிராஸ் மேட்ச் செய்து, பூட்டி வைக்கப்படும். பயன்படாமலே திரும்பும். அதற்குள் அந்தப் பைகளின் ஆயுளில் சில நாட்கள் போயிருக்கும். 1976-ல் அமெரிக்காவில் பிரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு வகை அறுவைக்கும் உண்மையில் எவ்வளவு இரத்தம் செலவாகிறது என்று பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, அதற்கேற்ப ஓர் உச்ச அளவுப் பட்டியல் போட வேண்டும் என்பதே அது. இன்றைக்கும் மருத்துவமனைகள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

கணக்கு எளிதானது. பொருத்தம் பார்த்த பைகளை ஏற்றிய பைகளால் வகுக்க வேண்டும். 100 பைகள் பொருத்தம் பார்த்து 25 மட்டும் ஏற்றியிருந்தால் விகிதம் 4. இந்த விகிதம் 2.5-க்கு மேல் போனால் தேவைக்கு மேல் கேட்கிறார்கள் என்று பொருள். இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வகை அறுவைக்குச் சராசரியாக எத்தனை யூனிட் ஏற்றப்படுகிறதோ அதைப்போல ஒன்றரை மடங்கு தயாராக வைக்க வேண்டும். உதாரணமாக, 50 பைபாஸ் அறுவைகளில் மொத்தம் 40 யூனிட் ஏற்றியிருந்தால் சராசரி 0.8. அதன் ஒன்றரை மடங்கு 1.2. ஆக ஒன்றோ இரண்டோ வைத்தால் போதும், ஆறு வேண்டியதில்லை.

ஆகவே, கேட்ட இரத்தம் ஏற்றப்படவில்லை என்றால் அது வீண் அலைச்சல் அல்ல. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்றுதான் அர்த்தம். கேட்டது காப்புக்கு. ஏற்றுவது தேவைக்கு.

ஆள் ஒருவர், கணக்கு இரண்டு

பட்டியல் பொதுவானது. நோயாளி தனி ஆள். அதனால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் இன்னொரு கணக்கும் போடுவார். சகோதரர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இன்றைய உரையின் முக்கியமான பகுதி இதுதான்.

வளர்ந்த ஆணின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லி இரத்தம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 4,200 மில்லி. அவருடைய ஹீமோகுளோபின் 13 என்று வைத்துக்கொள்வோம். 8 வரை குறைந்தாலும் தாங்குவார் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். 13-க்கும் 8-க்கும் வித்தியாசம் 5. இரண்டின் சராசரி 10.5. 4,200-ஐ 5-ஆல் பெருக்கி 10.5-ஆல் வகுத்தால் 2,000 வருகிறது. அதாவது, இழந்த அளவுக்கு சலைன் போன்ற திரவம் ஏற்றிக்கொண்டே வந்தால், 2 லிட்டர் இரத்தம் போகும்வரை அவருக்குப் பிறர் இரத்தம் தேவைப்படாது.

இப்போது அதே எடையுள்ள இன்னொருவர். அவருக்கு ஹீமோகுளோபின் 9.5 மட்டுமே. வித்தியாசம் 1.5. சராசரி 8.75. கணக்குப் போட்டால் 720 மில்லி. அவ்வளவுதான் அவரால் தாங்க முடியும்.

இருவருக்கும் ஒரே ஆபரேஷன், ஒரே மருத்துவர். இருவருக்கும் ஒன்றரை லிட்டர் இரத்தம் போகிறது. முதலாமவருக்கு ஒரு யூனிட்டும் வேண்டாம். இரண்டாமவருக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட் வேண்டும். இந்த வித்தியாசம் ஆபரேஷன் தியேட்டரில் உண்டானது அல்ல. சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் உண்டானது.

இரத்தம் ஏற்றுவது உயிரைக் காக்கும். ஆனால் ஏற்றாமல் முடிந்தால் அதைவிட நல்லது. எத்தனை பரிசோதனை செய்தாலும், இன்னொருவர் இரத்தம் உடலுக்குள் போவதில் ஒவ்வாமை, காய்ச்சல், நுரையீரலில் நீர் சேர்வது போன்ற சிறிய ஆபத்துகள் இருக்கவே செய்யும்.

"8 வரை இறங்கலாமா, 7 வரை இறங்கலாமா?" என்பது நோயாளியைப் பொறுத்தது. பொதுவாக உடல்நிலை சீராக உள்ள நோயாளிக்கு 7 வரை பொறுக்கலாம் என்பார்கள். இருதய நோய் உள்ளவருக்கு 8. காலில் குழாய் அடைபட்டவருக்கு இருதயக் குழாயும் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். டென்மார்க்கில் இரத்தக் குழாய் அறுவை செய்த 58 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ் போகும்வரை காத்திருந்தவர்களுக்கு, 9.7-க்குக் கீழ் போனதுமே ஏற்றப்பட்டவர்களைவிடச் சிக்கல்கள் அதிகம் வந்தன. சிறிய ஆய்வு என்பதால் இதையே சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "பக்கத்து வீட்டுக்காரருக்கு 7-லும் ஏற்றவில்லையே, நம் அத்தாவுக்கு ஏன் 8-லேயே ஏற்றுகிறார்கள்?" என்று சண்டைக்குப் போக வேண்டாம் என்பதற்கு இது போதும்.

ஆபரேஷன் தேதி கிடைத்த நாளிலிருந்து

தேதி கிடைத்ததும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அன்றே கேளுங்கள். குறைவாக இருந்தால் ஏன் குறைவு என்று கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவா, சிறுநீரகக் கோளாறா, மூலத்தில் இரத்தம் போகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அவசரமில்லாத அறுவை என்றால், மூன்று நான்கு வாரங்கள் இரும்புச்சத்து மாத்திரையோ, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஊசியோ கொடுத்துத் தேற்ற வாய்ப்பு உண்டு. முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. சாப்பிட்டவுடன் சுலைமானி குடிக்கும் பழக்கத்தை இந்த நாட்களிலாவது விடுங்கள். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. விரல் கறுத்து, சீழ் பிடித்த காலுக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்காது. அதனால்தான் கால் வலிக்கு முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம்.

இரண்டாவது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. வலி மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும்கூட இரத்தப்போக்கைக் கூட்டலாம். காட்டாமல் மறைக்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிலவற்றை ஆபரேஷன் அன்றும் தொடரச் சொல்வார்கள். அதே குழாயில் முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டாவது முறை திறக்கும்போது இரத்தம் அதிகம் போகும்.

மூன்றாவது, முன்பு எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா என்பதைச் சொல்ல வேண்டும். பெண்களாக இருந்தால் எத்தனை பிரசவம் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றால் உடலில் ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். அப்படியானால் ஒரே குரூப் என்றாலும் பொருத்தமான பை கிடைக்க நேரம் எடுக்கும். முந்தின நாள் தெரிந்தால் தேடிவிடலாம். மேஜையில் படுக்கவைத்த பிறகு தெரிந்தால் தேட முடியாது.

நான்காவது, பெயர். நம் மக்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதாரில் முகமது, சேர்க்கைச் சீட்டில் முஹம்மது, இரத்த மாதிரிக் குப்பியில் மொஹமத் என்று இருந்தால் இரத்த வங்கி அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பும். அது அவர்கள் கடமை. ஒரே வார்டில் இரண்டு அப்துல் ரஹ்மான்கள் இருப்பது நம் பகுதியில் அதிசயமல்ல. ஒருவருடைய பை இன்னொருவருக்கு ஏறினால் உயிரே போகலாம். சேரும்போதே ஒரே எழுத்தில், இனிஷியலோடு பெயரைக் கொடுங்கள். உள்நோயாளி எண்ணைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, மருத்துவரிடம் மரியாதையாகக் கேட்க ஒரு கேள்வி: "ஐயா, எத்தனை யூனிட் தயாராக இருக்க வேண்டும்? சிவப்பணுவா, பிளாஸ்மாவா, பிளேட்லெட்டா? என்றைக்குள்?" இதற்குக் கிடைக்கும் பதிலை அப்படியே நமக்குச் சொல்லுங்கள். நாங்களும் அப்படியே அனுப்புவோம்.

கொடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஆபரேஷன் அன்று காலையில் நீங்கள் கொடுக்கும் இரத்தம் அன்றே அந்த நோயாளிக்கு ஏறும் என்று நினைக்காதீர்கள். எடுத்த இரத்தத்தை எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும். பிறகு பிரிக்க வேண்டும். நோயாளிக்கு ஏறுவது வங்கியின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பை. நீங்கள் கொடுப்பது அடுத்தவருக்காக. யாரோ முகம் தெரியாத ஒருவர் போன வாரம் கொடுத்ததுதான் இன்று நம் அத்தாவைக் காக்கிறது.

"பெத்த மகன் ரத்தம்தான் சேரும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மருத்துவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நெருங்கிய இரத்த உறவின் பையை, கதிர்வீச்சுச் செலுத்தாமல் நேரடியாக ஏற்றினால் அபூர்வமான, ஆனால் உயிரைக் குடிக்கும் ஒரு பாதிப்பு வரலாம். மகன் கொடுக்கட்டும், ஆனால் பொதுவாகக் கொடுக்கட்டும்.

கொடுப்பவருக்கு வயது 18-லிருந்து 65-க்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளைக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளைக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வரக்கூடாது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இரத்த வங்கிக்கு ஓடிவரும் தம்பிகளுக்குத்தான் இதைச் சொல்கிறோம். உங்கள் மனது பெரிது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள்.

நோன்பு வைத்திருப்பவரிடம் இரத்தம் எடுக்க விதி இடம் தராது. அதனால் ரமலானில் நம்மவர்களின் கொடை குறைகிறது. ஆபரேஷன்கள் குறைவதில்லை. சிவப்பணுப் பையின் ஆயுள், அதில் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள். ரமலானுக்கு முந்தின சில நாட்களில் கொடுத்தால் அந்தப் பை மாதம் முழுவதும் அலமாரியில் இருக்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான். அதற்கு இஃப்தாருக்குப் பிறகு இரவில் கொடுக்க முன்வருபவர்கள் தேவை.

காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் வந்த தடை அது. மருத்துவமனை வாசலில் "ஆள் இருக்கு" என்று வருபவரிடம் போகாதீர்கள். தனியார் இரத்த வங்கிகளும் பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே வாங்கலாம். 2022-ல் திருத்திய அளவின்படி ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு அது 1,550 ரூபாய். கூடுதலாகச் சிறப்புப் பரிசோதனை செய்தால் தனிக்கட்டணம் இருக்கும். எங்கே எந்த குரூப் இருப்பில் உள்ளது என்பதை இ-ரக்த்கோஷ் என்ற அரசு இணையதளத்தில் பார்க்கலாம்.

கணக்குப் போட நேரமில்லாத போது

விபத்தில் பெரிய குழாய் அறுந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்குக்கும் நேரமில்லை. சுத்தமான துணியை வைத்துக் காயத்தின் மேல் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். இரத்த ஓட்டம் நின்ற காலையோ கையையோ காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் அவகாசம். அந்த நேரத்தில் ஆள் தேடி, ஊர்வலமாகப் போய்க் கொடுத்துப் பயனில்லை. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரல் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அப்போது உதவுவது அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பை மட்டும்தான்.

நாம் செய்யப்போவது

ஆகவே நம் வேலை முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு தெருவில் 40 பேர் கொடுக்கத் தயார் என்றால், 40 பேரும் ஒரே முகாமில் கொடுத்துவிட்டால் அடுத்த 90 நாளைக்கு அந்தத் தெருவில் ஆண்கள் யாரும் கொடுக்க முடியாது. மூன்று பிரிவாகப் பிரித்து மாதம் ஒரு பிரிவு கொடுத்தால் எந்த மாதமும் காலியாகாது. ஓ நெகட்டிவ் போன்ற அரிய குரூப் உள்ளவர்களை முகாமில் சேர்க்காமல் அவசரத்துக்கென்று தனியாக வைத்திருப்போம்.

நம் குழுவில் இனி வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் மருத்துவமனை, உள்நோயாளி எண், குரூப், எந்தப் பகுதி, எத்தனை யூனிட், எந்தத் தேதிக்குள் என்ற ஆறு விவரங்களும் இருக்க வேண்டும். நாலு யூனிட் என்றால் ஆறு பேரை அனுப்புவோம், ஏனெனில் ஓரிருவர் பரிசோதனையில் நின்றுவிடுவார்கள். பத்துப் பேரை அனுப்ப மாட்டோம். தேவை முடிந்ததும் "முடிந்தது" என்று எழுதுங்கள். போன மாதச் செய்தி இந்த மாதமும் சுற்றிக்கொண்டிருந்தால், உண்மையான செய்தி வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றே நம் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முந்தின இரவு வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம் தேடுவதற்கு முன்னால் ஹீமோகுளோபினை உயர்த்த வழியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க நாங்களும் துணைக்கு வருகிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களின் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். குளிர்ந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் பேசுவோம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.